சிப்பி கக்காதது

மழை வந்தால் சுரங்கத்துக் கழிவுச் சேற்றை ஆற்றில் திறந்துவிடுகிறார்களாம். ஐஸ் கடைக்காரர் யாரிடமோ கேட்டு, சிப்பியை எடைபோடும் பெண்ணிடம் சொல்ல, அவள் அதைச் சிப்பிக்காரியின் காதில் போட்டாள்.

"உன் தம்பி அங்கதானே வேலை பாக்குறான், கேட்டுப் பாரேன்" என்று ஒரு இழுப்பு வேறு.

"வாய் சும்மா இருந்தா வலிக்குமா உனக்கு?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள் சிப்பிக்காரி. பேச்சும் கூடவே வந்தது.

ஆறு கடலில் சேரும் இடத்தில், நீர் வற்றும் வேளையில் சேற்றைக் கிளறிச் சிப்பி பொறுக்குவது அவள் பிழைப்பு. புருஷன் போன பிறகு மகளை வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் அதில்தான். மகள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். வேறெதைத் தின்றாலும் குமட்டுகிறதாம். அதனால் இவள் வாராவாரம் அவித்த சிப்பிச் சதையை டப்பாவில் அடைத்து பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறாள்.

அசட்டையானவள் அல்ல. சிப்பியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மண்ணைக் கக்கவிட்ட பிறகே அடுப்பில் ஏற்றுவாள். இந்த மழைக்குப் பிறகு வாளியின் அடியில் மணலைக் காணோம். மாவு மாதிரி சாம்பல் நிற வண்டல்தான். இதுவரை அதையும் அலசிக் கொட்டிவிட்டு வேறு வேலை பார்த்தாள். இன்று விரலில் தேய்த்து, மோந்து பார்த்தாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். கழிவுக் குளத்து மதகு அவன் பொறுப்பு. அவித்த சிப்பி வைத்த தட்டை நீட்டினாள்.

"வயிறு சரியில்லக்கா. எனக்கு வேணாம்."

சட்டியை வழித்துத் தின்றவன். மழை பிடித்ததிலிருந்து இதே பாட்டு.

"ஏண்டா, எப்பலேர்ந்து இந்தப் பத்தியம்? எந்த டாக்டர் சொன்னாரு?"

அவன் செல்போனை நோண்டினான்.

"மதகத் திறக்கறீங்களா?"

"யாரு சொன்னா?"

"ஆமாவா இல்லையா, அத சொல்லு."

"குளம் உடைஞ்சா எல்லாம் போயிடும்னு மேல சொல்றாங்க. திருகச் சொன்னா திருகுறேன். அவ்வளவுதான்."

"இருந்துட்டுப் போகட்டும். நான்தான் கக்க வெச்சுடறேனே."

"அது மண்ணத்தான்க்கா கக்கும். மத்தது சதையிலயே தங்கிடும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்புறம் மெதுவாக, "உன் பொண்ணுக்கு ஒண்ணும் அனுப்பலியே?" என்றான்.

"உன் வயித்த மட்டும் பாத்துக்கிட்டியேடா!"

காலையில்தான் டப்பா போயிருந்தது. மகள் சாப்பிட உட்காரும் நேரம். சிப்பிக்காரி அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி மகளின் எண்ணை அழுத்தினாள்.

"எடுடி... எடு."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.