யார் வீட்டுப் பிள்ளை

என் மாமி வாயைத் திறக்கும்வரை அவரை யாரும் தமிழர் என்று நினைத்ததில்லை. திறந்த பிறகும் சிலர் நம்பத் தயங்கினார்கள். கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது யாராவது ஒரு அன்ரி, இது சர்க்கரைப் பொங்கல், கொஞ்சம் இனிக்கும் என்று நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் அவருக்கு விளக்குவார். மாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முந்திரி உள்ள பக்கமா பாத்துப் போடுங்கக்கா" என்பார்.

மாமி மலேசியாவில் ஒரு சீன வீட்டில் பிறந்தவர். அந்த வீட்டில் ஏற்கெனவே பெண்பிள்ளைகள் அதிகம். பிறந்த சில நாட்களிலேயே, பக்கத்துத் தெருவில் பிள்ளையில்லாமல் இருந்த ஒரு தமிழ்த் தம்பதியிடம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் பிறகு அந்த ஊரிலேயே இல்லை. வளர்த்தவர்கள் மொட்டையடித்துக் காது குத்தி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, செல்லம் கொடுத்து வளர்த்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோருடைய பெயரும் ஏதோ ஒரு விதத்தில் வடமொழி. கலப்பில்லாத தமிழ்ப் பெயர் மாமிக்கு மட்டும்தான் இருந்தது.

என் மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டவரை, கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் மலேசியாவில் கைவிட்டுவிட்டான். அங்கே சில வருடங்கள் தங்கியிருந்தபோது மாமியைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். "தமிழ்ப் பொம்பிளைதான் அக்கா" என்று தொலைபேசியில் அம்மாவுக்குச் சொன்னாராம். அதில் பொய் எதுவும் இல்லை. படம் பிறகுதான் வந்தது.

எனக்கு ஒன்பது வயதானபோது அவர்கள் ரூஜ் பக்கம் புதிதாக ஒரு வீடு வாங்கினார்கள். கனடா வந்து சேர்ந்ததிலிருந்து அதுவரை அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில்தான் இருந்தார்கள். பால் காய்ச்சுவதற்கு ஒரு சனிக்கிழமை காலையில் நல்ல நேரம் குறித்தாயிற்று. அன்று அம்மாவும் அப்பாவும் மாமாவும் சாமிப்படம், பானை, சாமான்களோடு முன்னால் போய்விட்டார்கள். செவ்வந்திப் பூ மட்டும் வாங்கவில்லை. வழியில் வாங்கிக்கொண்டு வரும்படி அம்மா சொல்லிப் போனதால், மாமியும் நானும் அவருடைய காரில் பின்னால் கிளம்பினோம். மாமி பட்டுச்சேலைக்கு மேல் குளிர் கோட்டைப் போட்டு, கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு ஒரே சந்தோஷம். அடுப்பில் பால் பொங்கும்போது யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று கார் ஓட்டிக்கொண்டே எனக்கு இடம் பிரித்துக்கொடுத்தார்.

பூ மலிவாகக் கிடைப்பது சீனர்களின் கடைகள் நிறைந்த மோலில்தான். வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வாசலருகே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான சீன அம்மா எழுந்து வந்து மாமியின் கையைப் பிடித்தார். வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்த நேரம். அவர் காலில் வீட்டுக்குள் போடும் துணிச்செருப்புத்தான் இருந்தது. கோட்டும் இல்லை. மாமியின் முகத்தைப் பார்த்து என்னவோ நீளமாகச் சொன்னார். கோபப்படுவதுபோலவும் இருந்தது, கொஞ்சுவதுபோலவும் இருந்தது.

மாமி ஆங்கிலத்தில், எனக்கு விளங்கவில்லை அம்மா என்றார். பிறகு மலாயில் ஏதோ கேட்டுப் பார்த்தார். கிழவி இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கையை மெல்ல விடுவிக்கப் பார்த்தபோது குழந்தைபோலச் சத்தமிட்டு அழத் தொடங்கினார். போகிற வருகிறவர்கள் நின்று மாமியை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு செக்யூரிட்டிப் பையன் வந்தான். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று மாமியிடம் ஆங்கிலத்தில் சொன்னான். இவர் என் அம்மா இல்லை என்றார் மாமி. சரி, சீன மொழியிலாவது அவரோடு பேசி எந்த இடம் என்று கேளுங்கள் என்றான். எனக்குச் சீனம் தெரியாது என்றார் மாமி. அவன் மாமியை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சற்றுத் தள்ளி நின்று தன் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணை, இதிலை ஒரு சீனக் கிழவி நிண்டு அழுகுது. மகள்காரி பக்கத்திலதான் நிக்கிறா. தன்ரை தாய் இல்லை எண்டு பச்சைப்பொய் சொல்லுறா. எப்பிடித்தான் மனம் வருதோ தெரியேல்லை."

மாமி திரும்பினார்.

"தம்பி, நான் பொய் சொல்லலப்பா. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. பாவம், குளிர்ல நடுங்குறாங்க, முதல்ல சூடா ஒரு தேத்தண்ணி கொண்டாங்க."

அவனுடைய முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. தொலைபேசியை அணைக்கவும் மறந்து, "சொறி அன்ரி, சொறி அன்ரி" என்றபடி தேநீர் வாங்க ஓடினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமி சிரிக்கவில்லை.

அவர் தன் கோட்டைக் கழற்றிக் கிழவிக்குப் போர்த்தினார். அவன் திரும்பி வந்ததும் அவனுடைய தொலைபேசியை வாங்கி மாமாவை அழைத்தார். மாமா உரத்துப் பேசியது எனக்கும் கேட்டது. "நேரம் போகுது. உந்தக் கிழவியைச் செக்யூரிட்டியிட்டை விட்டிட்டு வாரும்."

"கையை விட மாட்டேங்கிறாங்க. நான் போனா அழுவாங்க."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? எல்லாரும் உம்மைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"வந்திர்றேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லி மாமி தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் மூவரும் வாங்கில் இருந்தோம். கிழவி பேசிக்கொண்டே இருந்தார். ஏதோ பெரிய குடும்பக் கதையாக இருக்க வேண்டும். நடுவில் யாரையோ திட்டினார், யாரையோ நினைத்துக் கண்ணைத் துடைத்தார். மாமி, "ஆமாங்கம்மா", "அப்படியா", "வந்திருவாங்க, கவலைப்படாதீங்க" என்று தமிழில் பதில் சொன்னார். கிழவிக்கு அது போதுமாக இருந்தது. ஒருமுறை மாமியின் கன்னத்தைத் தொட்டு, காதுமடலைப் பிடித்துப் பார்த்து, தலையாட்டி எதையோ உறுதிப்படுத்திக்கொண்டார். மாமி அசையாமல் முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பசித்தது. பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கிழவிக்காகப் பையன் வாங்கி வந்த பன்னில் பாதியை நான் தின்றேன்.

கடைசியில் அங்குள்ள கடையொன்றின் மீன் பகுதியில் வேலை செய்யும் ஒருவர் கிழவியை அடையாளம் கண்டு, வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். மகன் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவரும் வயதானவர்தான், தலை முழுக்க நரை. தாயின் முன்னால் முழந்தாளிட்டு அந்த ஈரச்செருப்பைக் கழற்றி, தான் கொண்டுவந்த சப்பாத்தைப் போட்டுவிட்டார். பிறகு எழுந்து மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தங்கள் மொழியில் நீண்ட நேரம் நன்றி சொன்னார். மாமி முடியும்வரை காத்திருந்துவிட்டு, மன்னியுங்கள், எனக்குச் சீனம் தெரியாது என்றார்.

அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. வீட்டில் பெற்றோர் சொல்லித்தரவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. ஒரு நோயைப் பற்றி விசாரிப்பதுபோல மெல்லத்தான் கேட்டார்.

அவர்களுக்கும் தெரியாது என்றார் மாமி.

அதற்குள் கிழவி மகனின் சட்டையை இழுத்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மகன் சற்றுக் கூச்சத்தோடு மொழிபெயர்த்தார். "நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அம்மா கேட்கிறார். அப்போதிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். நீ சொல்லவேயில்லையாம்."

மாமி குனிந்து, கிழவியின் காதருகே தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். மலேசியாவில் லொறி ஓட்டி அவரை வளர்த்தவரின் பெயர், முருகனின் பெயர்களில் ஒன்று. மகன் புரியாமல் பார்த்தார். அது குடும்பப் பெயரா, எந்த ஊர் என்று கேட்டார். மாமி தடுமாறுவதைக் கண்ட நான், அவருக்கு உதவுவதாக நினைத்து, "அவர் சைனீஸ் இல்லை, தமிழ்" என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன்.

மாமியின் சேலையையும் முகத்தையும் ஒருமுறை பார்த்து, நான் பகிடி விட்டதாக நினைத்து அவர் சிரித்தார். மாமியும் சிரித்தார். நாங்கள் சிரிப்பதைப் பார்த்துக் கிழவியும் சிரித்து, மாமியின் கையை ஒருவழியாக விட்டார்.

ரூஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி ஆறியிருந்தது. நல்ல நேரம் தப்பக்கூடாதென்று மாமியின் புது அடுப்பில் அம்மாவே காய்ச்சிவிட்டார். வேறு வழியும் இருக்கவில்லை. மாமா கோபத்தில் பின்முற்றத்தில் போய் நின்றுகொண்டார். அம்மா ஒரு குவளையில் பாலை ஊற்றிக் கொடுத்தபடி, முக்கால் பங்கு பகிடியாக, "உம்மடை ஆக்களைக் கண்ட உடனை எங்களை மறந்திட்டீர் என்ன மச்சாள்" என்றார்.

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா கெட்டவர் இல்லை. அன்றைக்கு விடியற்காலையில் எழுந்து மாமியின் சேலைக்கு மடிப்பு வைத்து ஊசி குத்திவிட்டவர் அவர்தான்.

"இல்லக்கா" என்றார் மாமி. பாலைக் குடித்தார். நல்லா இருக்குக்கா, சீனி அளவா இருக்கு என்றார். பிறகு சாமிப்படத்துக்குப் பூ வைத்தார், எல்லோருக்கும் சாப்பாடு பரிமாறினார். மாமாவைத் தேடிப்போய் உள்ளே கூட்டி வந்தார். அவரிடம் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை.

சாப்பிட்டபின் கை கழுவ நான் மேல்மாடிக் குளியலறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மாமி கண்ணாடிக்கு நெருக்கமாக நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஒரு பக்கம் சரித்து, பிறகு மறுபக்கம் சரித்து, கண்ணோரத்தையும் கன்னத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு, முன்பின் அறியாத ஒருவரைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். நான் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. எனக்கோ கையெல்லாம் கறி. காத்திருந்து அலுத்துப்போய், "பொட்டு நேராத்தான் இருக்கு மாமி" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அப்படியா பாப்பா? சரி" என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் கை கழுவி முடிக்கும்வரை புதுத் துவாயைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். அவருடைய சந்தேகத்தைத் தீர்த்து வைத்துவிட்ட திருப்தியோடு நான் படியிறங்கி விளையாடப் போனேன்.