நாற்காலியில் பதிந்த முதுகு

மரச்சாமான் கடையில் விற்பனையாளராக இருப்பவருக்கு நல்ல வாய் வேண்டும் என்பார்கள். மடிப்பு என்று எல்லோரும் அழைத்த விற்பனையாளருக்கு வாய் தேவைப்படவில்லை. அவருக்கு முதுகே போதுமானதாக இருந்தது.

நாற்காலி வாங்க வருபவர்களிடம் அவர் மரத்தின் வயதைப் பற்றியோ ஆணியின் உறுதியைப் பற்றியோ பேச மாட்டார். நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுத் தாமே அதில் அமர்வார். முதுகை ஒரு பலகையைப் போல நேராகச் சாய்ப்பார். கால்மேல் கால் போட்டு, வந்தவர்களின் நலம் விசாரிப்பார். பிறகு எழுந்து, எதையோ எடுக்கப் போவது போலத் திரும்பித் தம் முதுகைக் காட்டுவார். வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டி இட்ட மடிப்பு இம்மியும் கலையாமல் நிற்கும். இந்த நாற்காலியில் அமர்ந்தால் நாமும் இப்படித்தான் மிடுக்காக இருப்போம் என்று வந்தவர் தமக்குள் முடிவு கட்டிவிடுவார். அதனால் ஏற்பட்டதுதான் மடிப்பு என்னும் பெயர். பெற்றோர் இட்ட பெயர் எங்கே இருக்கிறது என்று அவருக்கே அவ்வப்போது சந்தேகம் வரும்.

உடையில் இருந்த பற்று அவருக்கு உடன்பிறந்தது. பள்ளியில் படித்த காலத்திலேயே காற்சட்டையை மெத்தைக்கு அடியில் விரித்து, விடியும்வரை புரளாமல் படுத்து, கத்திமுனை போன்ற மடிப்போடு எடுப்பவர் அவர். அவரை முதன்முதலாகக் கண்ட நாளைப் பற்றி, "முதல்ல சட்டை வந்துச்சு, அதுக்குப் பின்னாடி இவரு வந்தாரு" என்று அவர் மனைவி இன்றும் உறவினர்களிடம் சொல்வதுண்டு.

அந்தச் சட்டையின் இரகசியம் கஞ்சி. ஞாயிறுதோறும் வாளியில் கஞ்சியைக் கரைத்து, கையால் தொட்டுப் பார்த்து, வாரம் முழுமைக்குமான சட்டைகளை அவரே முக்கி எடுப்பார். வேறெவரையும் வாளியின் பக்கம் அண்டவிட மாட்டார். காய்ந்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தால் அது கைகளை விரித்தபடியே வரும். "உங்களை வீட்ல விட்டுட்டு அது மட்டும் வேலைக்குப் போய்ட்டு வந்துடும் போல இருக்கே" என்பார் மனைவி.

இவையெல்லாம் அவர் உள்நாட்டு நகரத்தில் இருந்தவரை சரியாகவே நடந்தன. முதலாளி கடற்கரை நகரத்தில் பெரிய கடை ஒன்றைத் திறந்து, அதன் முன்வாசலுக்கு இவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வந்த சில வாரங்களில் கோடை பிறந்தது. பழைய ஊரில் வெயில் சுட்டது. இங்கோ வெயில் நனைத்தது. குளித்துவிட்டுத் துவட்டும்போதே மறுபடி குளித்தது போலாகிவிடும். உப்புச் சீசாவில் உப்பு உதிர மறுத்தது. அலமாரிக் கதவு உப்பிப்போய்த் திறக்க மறுத்தது. காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் அவருடைய சட்டை ஆவலோடு உறிஞ்சிக்கொண்டது. வீட்டுப் படியில் அட்டையாக இறங்கும் சட்டை, பேருந்து நிறுத்தத்தில் பசையாகிவிடும்.

இந்த இடத்தில்தான் மடிப்பு தவறு செய்தார். கஞ்சி நீர்த்துவிட்டது என்று எண்ணி, அடுத்த ஞாயிறு அதை இன்னும் கெட்டியாகக் கரைத்தார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் ஒரு தம்பதியர் கடைக்கு வந்தனர். மடிப்பு வழக்கம்போல, முந்திய நாள்தான் பாலிஷ் போடப்பட்டிருந்த கருநிற நாற்காலி ஒன்றை முன்னே இழுத்து அமர்ந்தார், சாய்ந்தார், நலம் விசாரித்தார், எழுந்தார். நாற்காலியும் அவரோடு சிறிது எழுந்தது. பிறகு, புண்ணில் ஒட்டிய கட்டைப் பிய்த்தெடுப்பது போன்ற ஓர் ஓசையோடு அவரை விட்டுவிட்டுத் தொப்பென்று தரையில் விழுந்தது. கருநிறச் சாய்வுப் பலகையில் இரண்டு தோள்பட்டைகளும் நடுவே முதுகெலும்பும் வெள்ளை வெளேரென்று பதிந்திருந்தன.

"ஏங்க, அந்தச் சேர்ல இன்னும் யாரோ உக்காந்திருக்காங்க" என்றார் அந்த அம்மையார்.

"சும்மா இரு. அவரு எழுந்துட்டாரு. அவரோட முதுகுதான் இன்னும் எழுந்துக்கல" என்றார் கணவர்.

இருவரும் சிரிப்பை அடக்க மாட்டாமல் தெருவுக்குச் சென்றனர்.

முதலாளி உள்ளறையிலிருந்து வந்தார். எந்தக் கோடையிலும் கோட்டைக் கழற்றாத மனிதர் அவர். கழுத்துப்பட்டை நனைந்து கயிறாகியிருந்தது.

"என்னய்யா இது? நாற்காலியில உன் படத்தை அச்சடிச்சு வெச்சிருக்கே?"

"துடைச்சுடறேன், முதலாளி."

"துடைச்சா பாலிஷும் சேந்து வரும். அதைச் சுவரைப் பாக்கத் திருப்பிப் போடு. இங்க பாரு, வெள்ளிக்கிழமை அரங்கத்தம்மா வர்றாங்க. நாடக அரங்கம் முழுக்க நாற்காலி மாத்தப் போறாங்க. அவங்க முன்னாடியும் நீ இப்படி ஒட்டிக்கிட்டு நின்னே, அப்புறம் உனக்கு முன்வாசல் கிடையாது. கிடங்குதான்."

கிடங்கு என்பது கடையின் பின்புறத்தில் சன்னலே இல்லாத ஓர் இருட்டறை. மரத்தூளுக்குப் பயந்து கழுத்து முதல் முழங்கால்வரை காக்கி மேலங்கி மாட்டிக்கொண்டு, கட்டில் கால்களை அடுக்கிக்கொண்டிருக்க வேண்டும். கட்டில் கால்களுக்கு எவனுடைய சட்டையையும் பார்க்கத் தெரியாது. பிறர் கண்ணில் நன்றாகப் படுவதற்காகவே காலையில் எழும் மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன இருக்க முடியும்?

மாலையில் வீட்டுக்கு வந்தவர், சட்டையைத் தோலுரிப்பது போல உரித்துப் போட்டுவிட்டு, மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்து நடந்ததைச் சொன்னார். மனைவி முதலில் சிரித்துத் தீர்த்தார், பிறகுதான் பேசினார்.

"இந்த ஊர்ல உங்களுக்கு மட்டுமா வேர்க்குது?"

"எல்லாருக்கும் வேர்க்குது. எனக்கு மட்டும்தான் ஒட்டுது."

"ஒட்டாம? சுவரொட்டி ஒட்டற பசையை உடம்பு பூராப் பூசிக்கிட்டுப் போனா?"

"கஞ்சி இல்லாம சட்டை எப்படிம்மா நிக்கும்?"

"அது எதுக்கு நிக்கணும்? தொங்கட்டுமே! அதோ, அந்தத் திரையைப் பாருங்க. பகல் முழுக்க வெயில்லதான் தொங்குது. அதுக்கு வேர்க்குதா?"

மடிப்பு தலையைத் திருப்பிச் சன்னலைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த நாள் முதலாக அங்கே தொங்கிக்கொண்டிருந்த திரைதான். அவர் அதை ஒரு துணியாக மதித்ததே இல்லை. இழை சற்றுப் பருத்தும் மெலிந்தும் ஓடிய, நெருக்கமில்லாத நெசவு. உடம்பில் படாத காற்றுக்குக்கூட அது அசைந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதைக் கம்பியிலிருந்து உருவினார். வெளிச்சத்தில் பிடித்தார், பொடிப்பொடியாய் ஆயிரம் துளைகள் தெரிந்தன. தோளின்மேல் போர்த்தி, கண்ணாடி முன் நின்று, இப்படியும் அப்படியும் திரும்பினார். முதுகில் காற்று நடமாடியது.

"ஐயோ, என்ன பண்றீங்க? எதிர்வீட்டம்மா அங்கிருந்து பாக்கறாங்க!" என்று மனைவி பதறினார்.

திரையை எடுத்துவிட்டால் சன்னல் திறந்துவிடும் என்பது மடிப்புக்கு அப்போதுதான் உறைத்தது. எதிர்வீட்டு அம்மையார், கையில் எடுத்த துணியைக் கொடியில் போடவும் மறந்து, இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மடிப்பு திரையோடு தலை வணங்கிவிட்டு உள்ளே நகர்ந்தார்.

மறுநாள் காலையில் சன்னலுக்குச் செய்தித்தாளை ஒட்டிவிட்டு, திரையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தையற்கடைக்குச் சென்றார். அந்தத் தையற்காரர் ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவர். தாம் மட்டும் கோடை முழுவதையும் பனியனோடு கழிப்பவர்.

திரையை விரித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை சன்னல், சார்?" என்றார் அவர்.

"ஒண்ணுதான்" என்று மடிப்பு தம் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

"சார், இது சன்னல்ல தொங்கறது."

"இனிமே என் மேல தொங்கும். இதே நெசவுல சட்டைத் துணி இருக்கா?"

இருந்தது, எவரும் கேட்பதில்லை என்று மேல்தட்டில் கிடந்தது. தையற்காரர் இளநீலத்தை எடுத்து, "இது உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றார். மடிப்பு தண்ணீர்க் குவளையில் விரலை நனைத்து, ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் ஒரு சொட்டு வைத்தார். இளநீலத்தில் அது கருநீலமாகப் பரவியது. சாம்பல் நிறத்தில் மை கொட்டியது போல் தெரிந்தது. வெள்ளையில், மெல்லிய நீலக்கோடுகள் ஓடிய துணியில் மட்டும் சொட்டு எங்கே விழுந்தது என்று தேட வேண்டியிருந்தது.

"இளநீலம் காட்டிக்கொடுக்கும். சாம்பல் ஊரைக் கூட்டிச் சொல்லும். இந்தக் கோடுதான் வாயைத் திறக்காது. இதுல தைங்க."

"சரி, சும்மா லூசா விட்டுடலாமா?"

"லூசா விட்டா அது கூடாரம். தோள் மட்டும் அளவா இருக்கணும். தையல் தோளெலும்பு மேலேயே உக்காரணும். மத்த இடமெல்லாம் உடம்பைத் தொடாம விலகி நிக்கட்டும். கை முழங்கைக்குக் கொஞ்சம் மேல. கீழ்ப்பக்கம் நேரா வெட்டி இடுப்போட நின்னுடணும். உள்ள விடப் போறதில்லை."

"காலர் விறைப்பா நிக்க உள்ள கேன்வாஸ்?"

"வேணாம்."

"படுத்துடுமே சார்!"

"படுக்கட்டும். அதுக்கும் புழுங்கும்ல?"

தையற்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். தொடையில் தாராளமும் கணுக்காலில் அடக்கமுமாக, மணல் நிறத்தில் மெல்லிய பருத்திக் காற்சட்டைக்கும் மடிப்பு அளவு கொடுத்தார்.

வியாழக்கிழமை மாலையில் உடை வந்தது. அணிந்துகொண்டு கண்ணாடியின் முன் நின்றபோது, இருபது வயது குறைந்தது போலிருந்தது. ஒத்திகைக்காக நாற்காலியில் அமர்ந்து எழுந்தார். அவ்வளவுதான், முதுகிலும் வயிற்றிலும் சுருக்கங்கள் விழுந்துவிட்டன. இஸ்திரி போட்டார், அமர்ந்தார், மறுபடியும் சுருக்கம். மீண்டும் இஸ்திரி, மீண்டும் சுருக்கம்.

"என் பேரே மடிப்பு. இந்தக் கசங்கலோட எப்படிம்மா கடைக்குப் போறது?"

"இஸ்திரிப் பெட்டியை முதல்ல கீழ வைங்க. அது கசங்கல் இல்ல. கடற்கரையில வீடு வெச்சிருக்கறவங்க எல்லாம் இப்படித்தான் இருப்பாங்க."

"உனக்கு அப்படி யாரைத் தெரியும்?"

"நாளைக்கு உங்களைத் தெரியும்" என்றார் மனைவி.

வெள்ளிக்கிழமைக்கென்று தனியாகக் கஞ்சி கரைத்து வாளியில் ஊற வைத்த சட்டை ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. மடிப்பு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்தார்.

வெள்ளிக்கிழமை அரங்கத்தம்மா வந்தார். நரைத்த தலையும் கையில் விசிறியுமாக வந்த நெட்டையான பெண்மணி. முதலாளி மடிப்பின் சட்டையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அம்மையாரைப் பார்த்துச் சிரித்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார். பளபளக்கும் கருநிற நாற்காலிகள் வரிசையாக நின்றன. அவற்றைத்தான் விற்றுத் தள்ள வேண்டும் என்று முதலாளி முன்பே உத்தரவிட்டிருந்தார்.

மடிப்பு ஒன்றில் அமர்ந்தார், சாய்ந்தார், எழுந்தார். நாற்காலி தன் இடத்திலேயே இருந்தது. பலகையிலும் ஒன்றும் பதியவில்லை. முதலாளி மூச்சு விட்டார். ஆனால் அரங்கத்தம்மாவோ அந்த நாற்காலியைப் பார்க்காமல், மூலையில் சுவரைப் பார்த்துத் தண்டனை பெற்றது போல் நின்ற நாற்காலியிடம் போய், அதைத் தம் பக்கம் திருப்பினார்.

"இது யாரு?"

"அது… புது டிசைன்மா" என்றார் முதலாளி.

அரங்கத்தம்மா விசிறியை நிறுத்திவிட்டு மடிப்பைப் பார்த்தார். டிசைன்தான் என்று தலையாட்டினால் முன்வாசல் தங்கும்; உண்மையைச் சொன்னால் காக்கி மேலங்கி. மடிப்பு கீழே குனிந்து தம் சுருக்கங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கசங்கி நிற்பதற்கே துணிந்தாயிற்று. இனி எதை மறைப்பது?

"அது நான்தாம்மா. பழைய முதுகு. கஞ்சிச் சட்டையோட சாஞ்சேன், ஒட்டிக்கிச்சு."

"அப்போ என் அரங்கத்துல நாடகம் முடிஞ்சா, ஜனங்க எழுந்து போவாங்களா, இல்ல நாற்காலியையும் சேத்துத் தூக்கிட்டுப் போவாங்களா?"

முதலாளி இருமினார். மடிப்பு பின்வாங்கவில்லை.

"கஞ்சி போடாதவங்களுக்கு இந்த அளவுக்கு ஒட்டாதும்மா. ஆனா முதுகு நனைஞ்சுடும். இந்த ஊருக்குக் காத்து உள்ள போய் வெளிய வரணும். துணின்னாலும் சரி, பலகைன்னாலும் சரி. கொஞ்சம் இருங்க."

உள்ளே ஓடி, பிரம்புப் பின்னல் முதுகு வைத்த எளிய நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து வெளிச்சத்தில் நிறுத்தினார். பின்னலின் துளைகள் வழியே தெரு தெரிந்தது.

"இதுவும் என் சட்டையும் ஒரே குடும்பம்."

அரங்கத்தம்மா அமர்ந்தார். நன்றாகச் சாய்ந்துகொண்டார். விசிறியை மடியில் வைத்துவிட்டு, நாடகம் பார்ப்பவரைப் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளியின் நெற்றியிலிருந்து வியர்வை கோட்டில் சொட்டியது. ஒருவழியாக அம்மையார் எழுந்து, மடிப்பு வாடிக்கையாளர்களுக்குச் செய்வது போலவே, அவருக்குத் தம் முதுகைத் திருப்பிக் காட்டினார்.

"எப்படி இருக்கு?"

"ஒரு சொட்டு ஈரம் இல்லைம்மா."

"அரங்கம் முழுக்க இதுவே போடுங்க. அந்த முதுகு பதிஞ்ச நாற்காலியையும் அனுப்புங்க. ஒத்திகையில பாதியில நழுவற நடிகர் ஒருத்தரு இருக்காரு. அவரை அதுல உக்கார வைக்கணும்."

அவர் போன பிறகு முதலாளி கோட்டை மெல்லக் கழற்றி, எங்கே மாட்டுவது என்று தெரியாமல், மிச்சமிருந்த கருநிற நாற்காலி ஒன்றின்மேல் போட்டார்.

"நாளைக்கும் முன்வாசல்லதானே, முதலாளி?" என்று மடிப்பு கேட்டார்.

"பின்ன? அந்த உண்மையைச் சொல்ற வாயைக் கிடங்குல வெச்சா, கட்டில் கால்கிட்ட எல்லாம் உளறிக்கிட்டிருப்பே" என்று சொன்ன முதலாளி, சற்று நின்று, "அந்தத் தையற்காரர் கடை எந்தத் தெருவுலய்யா?" என்றும் கேட்டார்.

மாலையில் மடிப்பு, மாதிரிக்காகக் கொடுத்துவைத்த திரையைத் தையற்கடையிலிருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். வாசலிலேயே மனைவி நின்றிருந்தார்.

"முன்வாசல்தானே?"

"முன்வாசலேதான்."

"அது உங்க நடையிலேயே தெரிஞ்சுது. முதல்ல அந்தத் திரையைக் கொடுங்க. எதிர்வீட்டம்மா காலையிலேர்ந்து ரெண்டு தடவை வந்துட்டாங்க. அது எந்தக் கடைத் துணின்னு கேக்கறாங்க."

"அவங்க சன்னலுக்கா?"

"சன்னலுக்கு இல்லையாம். அவங்க வீட்டுக்காரருக்காம்."