நீல விளக்கும் விட்டுப்போன எலியும்

பத்திரிகையில் அறிவியல் செய்தி எழுதுகிறவர்களுக்கு நிஜமான சத்துரு, கடைசி நேரத்தில் வந்து சேரும் ஜவுளிக்கடை விளம்பரம். என்னைப் போல மாட்டிக்கொண்ட நிருபர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் கேளுங்கள்.

இடமில்லை

மூளையின் நரம்பணுக்களை ஒளியால் இயக்குவது பற்றி எழுதியிருந்தேன். பாசியில் ஒளி பட்டால் வேலை செய்யும் புரதம் ஒன்று உண்டு. அதன் மரபணுவை எலியின் நரம்பணுக்களில் சேர்த்து, மெல்லிய இழை வழியாக உள்ளே நீல ஒளி பாய்ச்சினால் அந்த அணுக்கள் மட்டும் துடிக்கும், அணைத்தால் அடங்கும். எந்த அணுவுக்கு எந்த வேலை, வலிப்பு எங்கே கிளம்புகிறது என்றெல்லாம் இப்படித்தான் தேடுகிறார்கள். மனிதரின் வலிப்புக்கு இது இன்னும் வைத்தியமாகவில்லை என்றும் முடிவில் சொல்லியிருந்தேன்.

காலையில் பேப்பரைப் பிரித்தால் புரதம், இழை, எலி எதையும் காணோம். நீல ஒளி, மூளை, வலிப்பு மட்டும் மிச்சம். பக்கத்தை வடிவமைத்தவரைப் பிடித்தேன். "தலைப்பு நல்லா நின்னுச்சுங்க சார், எலிக்குத்தான் எடமில்லை."

முதல் போன்

குன்னத்தூரிலிருந்து ஓர் அம்மா. விளக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்றார். விற்பனைக்கு வரவில்லை என்றேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தேன். "ஒடம்பெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. எங்கூட்டுக்காரரு மூளைக்கு சுவிச்சு என்ர கையில இருந்தாப் போதுமுங்க."

கலர் பார்க்கிற பெட்டி

அடுத்த போனுக்குச் சிரிக்க முடியவில்லை. நல்லூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் நண்பர் கூப்பிட்டார். துணியின் நிறம், ஆர்டர் கொடுத்தவர் கேட்ட நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, வகைவகையான விளக்குகள் எரியும் பெட்டி ஒன்று எல்லா யூனிட்டிலும் இருக்கும். "ஏனுங்கண்ணா, எங்க டெய்லர் டீ டைம்ல அந்தப் பெட்டிக்குள்ள தலையை உட்டு உக்காந்துக்கறானுங்க. கேட்டா உங்க பேப்பரைக் காட்டறான்."

பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். டெய்லர் அருள்ராஜ் தென்காசிப் பக்கத்துக்காரர். வலிப்புக்கு வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறவர் என்று நண்பர் போனிலேயே சொல்லியிருந்தார். திடீரென்று நிறுத்தினால் ஓடும் மிஷின் மேலேயே விழக்கூடும். பெட்டியிலிருந்து தலையை வெளியே எடுத்தவரிடம் மாத்திரை போடுகிறீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். "பேப்பர்ல பாத்த அன்னைக்கே நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி."

செக்கிங் டேபிளிலிருந்து

மண்டை ஓட்டைத் தாண்டி அந்த வெளிச்சம் போகாது, போனாலும் உங்கள் மூளையில் அந்தப் புரதம் கிடையாது, ஆராய்ச்சி நடந்தது எலிக்கு என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அருள்ராஜுக்கு முகம் தொங்கிப்போனது. "அப்ப எலியாப் பொறந்திருக்கணுமா?"

அப்போது, செக்கிங் டேபிளில் பனியன்களைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ஸ்டெல்லா எழுந்து வந்தார். பதற்றமே இல்லை. காலியான மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அத்தனை மாத்திரையும் தீர்ந்திருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. "ஒரு நாளும் விடல அண்ணே. அட்டையில இருந்து பிரிச்சு வெச்சு, லைட்டு உள்ள எறங்கணும்னா ராத்திரி இந்தப் புது மாத்திரையப் போடணும்னு பேப்பர்லயே போட்டிருக்குன்னேன், வாயைத் தொறந்துட்டாரு."

மறுநாளே திருத்தம் போட்டோம். ஆனாலும் அந்தச் செய்தியில் ஓர் ஆளைக் காப்பாற்றிய ஒரே வரி, நான் எழுதாத வரிதான்.