எண்ணெயில் வரைந்த மலை

போன வியாழக்கிழமை காலை, குற்றாலம் பேரருவிக்குப் பக்கத்துப் பாறையில், என் ஏழு வருஷ ஆராய்ச்சி காலமானது. அப்போது நான் கூடத்தான் இருந்தேன் — இடுப்பில் ஒரு துண்டும், மேலெல்லாம் நல்லெண்ணெயுமாக.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் கணக்கு லெக்சரர். நாற்பத்து நாலு வயதில் பிஎச்.டி.க்குப் படிக்கிறவன். என்னோடு பதிவு செய்த பையன்களெல்லாம் டாக்டராகி, எங்கள் கல்லூரிக்கே எக்ஸாமினராக வருகிறார்கள். நான் அவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுக்கிறேன்.

இந்த வருஷத்தோடு என் பதிவு முடிகிறது. என் கைடும் ரிடையர் ஆகிறார். அதற்குள் தீஸிஸில் அவர் கையெழுத்து விழவேண்டும். விழாவிட்டால்? அத்தனை தாளும் வடை மடிக்கத்தான்.

கைடு இருப்பது மெட்ராஸில். அங்கே அவரைப் பிடிப்பது, அருவியைக் கையில் பிடிப்பது மாதிரி. ஆனால் இங்கே சாரல் விழுந்துவிட்டால் போதும்... தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு உறவில்லாத மனிதர் உண்டா என்ன? அவரே குடும்பத்தோடு ரயிலேறி என் தீஸிஸைப் பார்க்க வந்துவிடுவார். ரூம் நான் பிடித்துவைக்க வேண்டும். மாலிஷ்காரருக்கு நான் சொல்லிவைக்க வேண்டும். காலையில் எண்ணெய், அப்புறம் அருவி, அப்புறம் பசி, அப்புறம் தூக்கம். சாயங்காலம் மறுபடி அருவி. இதில் கணக்குக்கு எங்கே நேரம்?

என் மூன்றாம் அத்தியாயம் ஒரு லெம்மாவின் மேல் நிற்கிறது. பயந்துவிடாதீர்கள். பெரிய தேற்றத்தைத் தாங்குகிற சின்னத் தேற்றம், அவ்வளவுதான். வீட்டுக்குத் தூண் மாதிரி. வரிசையாக மலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒல்லி. போகப்போக மலையின் பரப்பு தேய்ந்து பூஜ்யமாகிவிடும் — இதுதான் நான் நிரூபித்தது. போன ஐப்பசியில், ஓர் அடைமழைப் பகலில். அழகாக வந்தது. அழகாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என்னைப் போலக் கவிதை எழுதுகிறவன் கணக்குப் பக்கம் வந்தால் இதுதான் ஆபத்து. வரி நன்றாக முடிந்தால் நிரூபணமும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

வியாழக்கிழமை கைடு பாறையில் குப்புறக் கிடந்தார். மாலிஷ்கார மாடசாமி அவர் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்தது என் முறை.

"உம்ம லெம்மாவை ரயில்லயே படிச்சிட்டேன்யா," என்றார் கைடு, பாறையிடம் பேசுகிற மாதிரி.

"சார்... எப்படி இருக்கு?"

"இங்கிலீஷ் பிரமாதம். ஆனா ஒரு சின்ன விஷயம்."

மற்ற தொழிலில் எப்படியோ, கணக்கில் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது.

கைடு எழுந்து உட்கார்ந்தார். காகிதம் ஏது, பேனா ஏது? விரலை எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கினார். பாறையில் ஒரு கோடு. கோட்டின் மேல் ஒரு மலை. பக்கத்தில் அதைவிட ஒல்லியாக, ஆனால் அதைவிட உயரமாக ஒன்று. அடுத்தது இன்னும் ஒல்லி, இன்னும் உயரம்...

"அகலம் குறையுற அளவுக்கு உயரம் ஏறிக்கிட்டே போகுது. பரப்பு அப்படியேதானே இருக்கு? எங்கய்யா பூஜ்யமாச்சு?"

பி.எஸ்ஸி. பையன் கேட்கவேண்டிய கேள்வி. எனக்கு இத்தனை மாதமாகத் தோன்றவில்லை.

மாடசாமி எட்டிப் பார்த்தார். "என்ன சார், நம்ம மலையையா வரையுதீய?"

"இவர் தீஸிஸுக்குக் கருமாதி பண்றேன்."

மாடசாமி என் தோளை அமுக்கிப் பார்த்தார். "ஏ அப்பா! சாருக்கு உடம்பு கட்டையால்லா வெறைச்சுப் போச்சு. இனி எண்ணெய் எங்கன எறங்கும்?"

அருவிக்குள் போய்த் தலையைக் கொடுத்தேன். ஏழு வருஷத்தையும் அடித்துக்கொண்டு போய்விடு, தாயே. அது எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டது.

வீட்டு வாசலிலேயே என் மனைவி வடிவு கேட்டாள். "கையெழுத்துப் போட்டாரா?"

"இல்ல. லெம்மா தப்பாம்."

"எது? அடுக்களைக்கு ஓடிவந்து, என் கையில இருந்த கரண்டியப் பிடுங்கி வச்சிட்டுச் சொன்னீங்களே, அதா?"

"அதேதான்."

"அன்னைக்கே உங்க சிரிப்பு சரியில்ல." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நாளைக்கு அவுகளுக்கு இட்லி அனுப்பணுமா, வேண்டாமா?"

"அனுப்பு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கதான் இருக்காரு."

"அப்ப உங்களுக்கும் ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் கெடக்குல்லா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இங்கன நிக்கீங்க?"

மறுநாள் விடிந்ததும் பாறையைப் பார்க்கப் போனேன். துக்க வீட்டுக்கு இரண்டாம் நாள் போய்வருவதில்லையா, அப்படி. சாரல் இரவெல்லாம் தூவியும் படம் போகவில்லை. எண்ணெய் மலைகளை மிதிக்கக் கூசி, நீர் ஒதுங்கி ஓடியிருந்தது. கடைசி மலை ஊசியாக மேலே போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு தூரம்தான் போவாய் என்று கோபத்தோடு நிமிர்ந்தேன்.

எதிரே நிஜ மலை. மேகம் வந்து, அத்தனை சிகரங்களின் தலையையும் ஒரே மட்டமாகச் சீவியிருந்தது.

அட! உயரத்துக்கு ஒரு கூரை போட்டால்? எந்த மலையும் இதற்கு மேல் ஏறக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை... அகலம் குறையும், உயரம் ஏறமுடியாது, பரப்பு தேய்ந்தே தீரவேண்டும். என் மூன்றாம் அத்தியாயத்து மலைகளோ எல்லாம் குட்டை மலைகள். தூண் நிற்கிறது!

கைடு வரும்வரை அந்த ஈரப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தார். குப்புறப் படுத்தார். மாடசாமி தாளத்தை ஆரம்பித்தார். நான் கூரையைச் சொன்னேன்.

கைடு படுத்தபடியே நேற்றைய எண்ணெய் மலைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"ம்... நிக்கும் போலத்தான் இருக்கு. எழுதிக் கொண்டாரும், கையெழுத்துப் போடுறேன்," என்றவர், தலையைத் தூக்கினார். "ஆனா ஒரு சின்ன விஷயம்..."

விரல் கிண்ணத்தைத் தேடியது.

கிண்ணத்தை நான் எப்போதோ நகர்த்தி வைத்துவிட்டேன்.