ஆண்கள் பக்கத்தில் அமர்ந்த குரு

திருச்சபைக்கு ஒரு குருவைக் கொடுத்த வீடு என்னும் பெயர் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கரிடையே நிலபுலன்களைவிட மதிப்புடையது. கும்மிடிப்பூண்டியில் அப்பெயர் எங்கள் வீட்டுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. தந்தை இருப்புப்பாதைப் பராமரிப்புக் குழுவில் மேஸ்திரி. என் தமையனார் குருப்பட்டம் பெற்ற நாள்முதல் கடைத்தெருவில் அவரை மேஸ்திரி என்று விளிப்பவர் குறைந்து, ‘சாமியாரோட நைனா’ என்று விளிப்பவர் மிகுந்தனர். அவ்விளி காதில் விழும்போதெல்லாம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒருமுறை உதறி மீண்டும் இட்டுக்கொள்வார். பெற்ற மகனை அவரும் ‘சாமி’ என்றும் ‘நீங்க’ என்றுமே அழைத்தார். வீட்டுக்குள் சோறு பரிமாறும் வேளையிலும் அம்முறை தவறியதில்லை.

நான் சொல்லப்போவது அறுபதுகளின் பிற்பகுதியில் நிகழ்ந்தது. இலத்தீனில் நடந்துவந்த பூசை தமிழுக்கு வந்துவிட்டது. மக்களுக்கு முதுகு காட்டி நின்ற குரு மக்களை நோக்கித் திரும்பிவிட்டார். தமிழ் பயின்று, அதையே பள்ளியில் பயிற்றுவித்துவந்த எனக்கு அம்மாற்றம் என் சொந்த வெற்றியைப் போல இனித்தது. ஆனால் குருவானவரைப் பற்றிய மக்களின் எண்ணம் மட்டும் மாறவில்லை. கோயிலில் ஒரு குரு இருக்கிறார் என்றால் அவர் பூசை வைப்பார். வேறொருவர் பூசை வைத்தால், அவர் வெள்ளை மேலாடை அணிந்து பீடத்தருகே நாற்காலியில் இருப்பார். குருக்கள் பலர் ஒரே பீடத்தில் கூடி நின்று நிறைவேற்றும் புதிய வழக்கம் எங்கள் கோயிலை இன்னும் எட்டியிருக்கவில்லை. குரு ஒருவர் மக்களோடு மக்களாகத் தரையில் அமர்ந்து பூசை காண்பதை நாங்கள் அதுவரை கண்டதேயில்லை.

தமையனார் விடுமுறைக்கு வந்திருந்த சமயத்தில் எனக்கு வரன் ஒன்று கூடிவந்தது. மாப்பிள்ளை திருவள்ளூர்க்காரர், ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பிட்டர். ஞாயிறு காலைப் பூசையில் பெண்ணைப் பார்த்துவிட்டுப் பிறகு வீட்டுக்கு வருவதாக அவர்கள் சொல்லியனுப்பினார்கள். “எட்டு மணி பூசைக்கு வந்துடுங்க. நம்ம சாமிதான் பூசை வெக்கறாரு” என்று தந்தை மறுமொழி அனுப்பினார். பெண்ணைவிட அப்பூசையையே அவர்கள் காண வருவதாக அவர் எண்ணியிருந்தார் என்று தோன்றுகிறது.

ஞாயிறன்று இருள் பிரியுமுன்பே தமையனார் தந்தையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கதவுச் சத்தம் கேட்டு விழித்த தந்தை, “கோயிலுக்குப் போறாரு” என்று திரும்பிப் படுத்தார். நானும் அவ்வாறே நினைத்தேன்.

எட்டு மணிக்கு மணியடித்தது. ஆண்கள் பக்கத்தின் முன்வரிசையில் தந்தை முழந்தாளிட்டிருந்தார். அவருக்குப் பின்னே மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும் இருந்தனர். பெண்கள் பக்கத்தில் எனக்கு அருகே மாப்பிள்ளையின் தாயார். பூசை உடையணிந்து வெளிப்பட்டவரோ எங்கள் கோயிலின் பொறுப்பிலிருந்த பங்குக் குரு. முதல் வாசகம் தொடங்கிய பின்னர், பக்கவாசல் வழியாக என் தமையனார் உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. வெள்ளை அங்கியின் விளிம்பிலிருந்து சாம்பல்நிறச் சேறு முழங்கால்வரை தெறித்திருந்தது. பீடத்தின் பக்கம் போகாமல் நேரே வந்து தந்தைக்கு அருகில் தரையில் அமர்ந்தார்.

“மேல போங்க சாமி” என்று தந்தை முணுமுணுத்தது பெண்கள் பக்கம்வரை கேட்டது. தமையனார் புன்னகைத்துத் தலையை அசைத்தார், இடத்தைவிட்டு எழவில்லை.

அதையாவது பொறுத்திருக்கலாம். நற்கருணை வழங்கும் நேரம் வந்தது. நன்மை என்று நாங்கள் சொல்லும் அதை வாங்குவதற்கு எல்லாரும் எழுந்து பீடத்தின் முன்னுள்ள கிராதியை நோக்கிச் சென்றனர். தந்தை எழுந்து மகனுக்காகக் காத்து நின்றார். மகன் எழவில்லை. தலைகுனிந்து முழந்தாளிலேயே இருந்தார். தந்தை தனியே போய்வந்தார். திரும்பியபின் பீடத்தைப் பாராமல் பக்கத்துத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்மை வாங்காமல் அமர்ந்திருப்பவன் சாவான பாவத்தில் இருப்பவன், அல்லது திருச்சபையால் தடுக்கப்பட்டவன் என்பது எங்கள் ஊரின் தீர்ப்பு. சாதாரண மனிதன் ஒரு ஞாயிறு அவ்வாறு இருந்துவிட்டாலே அன்று மாலைக்குள் காரணம் ஊகிக்கப்படும். அமர்ந்திருந்தவரோ ஒரு குரு. பூசையும் வைக்கவில்லை, நன்மையும் வாங்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ, “பட்டத்தப் புடுங்கிட்டாங்களா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவ்வொரு கேள்வியால் தந்தையின் பெயரும் என் திருமணமும் ஒருசேரப் போய்விடும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பூசை முடிந்ததும் தமையனார் பங்குக் குருவைக் காணப் பீடத்துக்குப் பின்னுள்ள அறைக்குச் சென்றார். முற்றத்தில் கூட்டம் கலையாமல் நின்றது. வழக்கமாகச் ‘சாமியாரோட நைனா’வைச் சூழ்ந்துகொள்பவர்கள் அன்று இரண்டடி தள்ளியே நின்றனர்.

மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் தொடங்கினார். “இன்னா மேஸ்திரி, எட்டு மணி பூசை உம்ம புள்ளதான்னு சொன்னீங்க. கடசில புள்ள தரையில குந்திக்கினு கீறாரு?”

தந்தையின் துண்டு தோளிலேயே கிடந்தது. “தெரில” என்றார்.

“நன்மையும் வாங்கல. அது பொறவு நமக்கு பேஜாராயிடும்பா. எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க” என்றார் மாப்பிள்ளையின் தாயார். குரலில் பகையில்லை, கவலை இருந்தது.

பெண் பார்க்கவந்த இடத்தில் பெண் பேசலாகாது. ஆயினும் அங்கி விளிம்பில் கண்ட சேறு என் நினைவில் இருந்தது. அது கும்மிடிப்பூண்டித் தெருவின் செம்மண் அன்று. சிப்பித்தூள் கலந்த பழவேற்காட்டு ஏரிச்சேறு. உடனே எல்லாம் விளங்கிற்று.

“ஏன் அத்தை, நன்மை வாங்காததுக்குப் பாவம் ஒண்ணுதான் காரணமா?” என்றேன். “அன்னிக்கே ஒருதபா வாங்கினவங்க மறுதபா வாங்கக்கூடாதுன்னு ஞானோபதேசத்துல நீங்களும் படிச்சிருப்பீங்களே. அண்ணன் அங்கியில இருந்த சேத்தப் பாத்தீங்களா? அவரு ஏரிப்பக்கம் எங்கியோ பூசை வெச்சி, அதுலயே நன்மையும் வாங்கிட்டுதான் வந்திருக்காரு.”

“அய்யே, அத்தையாமே!” என்று தாய்மாமன் கைதட்டினார். “நாஷ்டாகூட இன்னும் துண்ணல, அதுக்குள்ள பொண்ணு மொறையே வெச்சிடுச்சி!”

முற்றம் முழுவதும் சிரித்தது. என் முகம் எரிந்தது. சொன்னதைத் திரும்பப் பெற மட்டும் மனம் வரவில்லை. அந்நேரத்தில் தமையனார் வெளியே வந்தார்.

“தோஸ்திரம் சாமி” என்று கைகுவித்த மாப்பிள்ளையின் தாயார், ஆசீர் பெறும்வரைகூடப் பொறுக்காமல் கேட்டார்: “இன்னிக்கு நீங்க பூசை வெச்சீங்களா, இல்லியா?”

“வெச்சேனேம்மா, பொழுது விடியறப்பவே” என்றார் தமையனார், கேள்வியின் கனம் அறியாமல். “நேத்து சாயங்காலம் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துலேந்து ஆளுங்க வந்தாங்க. ஈஸ்டருக்கு அப்புறம் அங்க பூசையே இல்லியாம். பங்குச் சாமியாருக்கு இங்கியே ரெண்டு பூசை. நான் போறேன்னு சொன்னேன். ராத்திரி ஊட்டுக்கு வர்றதுக்குள்ள எல்லாரும் தூங்கிட்டாங்க, சொல்ல முடியல. திரும்பறப்ப வண்டி சேத்துல மாட்டிக்கினு லேட்டாயிடுச்சி.”

தந்தை கண்களை மூடித் திறந்தார். தாய்மாமன் விடவில்லை. “அங்க ஒண்ணு வெச்சா இங்க இன்னொண்ணு வெக்கறதுக்கு இன்னா சாமி?”

“பூசை கெடைக்காத சனத்துக்காகத்தான் ஒரே நாள்ல ரெண்டாவது வெக்கலாம். இங்கதான் பங்குச் சாமியாரு இருக்காரே.” சற்று நிறுத்தித் தந்தையைப் பார்த்தார். “அதில்லாம, செமினரிக்குப் போனதுலேந்து நைனா பக்கத்துல உக்காந்து நான் பூசை பாத்ததே இல்ல. இன்னிக்குதான் வாச்சிது.”

“நல்லா வாச்சிது! வலை வீசற குப்பத்துக்குப் பூசை, மொத பஸ்ஸப் புடிச்சி வந்த எங்களுக்குச் சேறு!” என்றார் தாய்மாமன்.

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. தந்தை முன்னே வந்தார். “ஆமா” என்றார். “என் மவன் அங்கதான் போவான்.”

குருப்பட்டத்துக்குப் பிறகு அவரை ‘மவன்’ என்றும் ‘போவான்’ என்றும் தந்தை சொல்லிக் கேட்டது அன்றுதான். மரியாதை குறைந்த அச்சொற்களில் இருந்த பெருமிதத்தை அதுவரை அவர் சொல்லிவந்த எந்தச் ‘சாமி’யிலும் நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் தாயார் தம்பியின் பக்கம் திரும்பினார். “நீ கம்முனு இருடா. நான் பொறந்த ஊர்ல வருசத்துக்கு ஒருதபா பூசை வந்தா பெருசு. சாமியாரு வருவாரு வருவாருன்னு, நன்மைக்காக ஒண்ணும் துண்ணாம கோயில் வாசல்ல குந்திக்கினு, பசியோட திரும்பி ஊட்டுக்குப் போயிருக்கறேன். உனக்கு அது தெரியாது, நீ அப்ப கைக்கொழந்தை.” பின் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பொண்ணுக்கு வாய் கீது. இருக்கட்டும், எம் புள்ளைக்கு அது இல்ல.”

அதுவரை வாய் திறவாத மாப்பிள்ளை அப்போது பேசினார். பேச்சு என்னைப் பற்றியதன்று. “போறப்ப எதிர்க்காத்து அடிச்சிருக்குமே சாமி? மிதிக்கறதே கஷ்டமாச்சே” என்று தமையனாரிடம் கேட்டார். நாள்தோறும் தொழிற்சாலைக்குச் சைக்கிள் மிதித்தவரின் கேள்வி அது. குப்பத்துக்குப் பூசை எதற்கு என்று கேட்காமல், அவ்வழியின் கடுமையைக் கேட்டார். நான் அவர் முகத்தை நேரே பார்த்தது அப்போதுதான். பின்னர் என் சம்மதத்தை வீட்டில் கேட்டபோது அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“நிச்சயத்துக்கு நாள் பாத்துக்கலாம்” என்று கோயில் முற்றத்திலிருந்து கிளம்புகையில் அத்தை சொன்னார். “ஆனா கண்ணாலத்தன்னிக்கு மட்டும் கீழ குந்திடாதீங்க சாமி.”

“அன்னிக்கு வேற எங்கியும் போவல” என்று தமையனார் சிரித்தார்.

அனைவரும் எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டனர். கோயில் சுவரோரம் நின்ற சைக்கிளின் சக்கரங்களிலும் மட்கார்டிலும் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. தமையனார் அதைத் துடைக்கக் கிணற்றங்கரைப் பக்கம் உருட்டிச் சென்றார். தந்தை விரைந்து போய்க் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“வுடுங்க சாமி, அப்டியே இருக்கட்டும்.”

எங்கள் வீட்டுக்குக் குறுக்குவழி உண்டு. தந்தை அதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிறைந்த கடைத்தெரு வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். சற்றுமுன் விலகி நின்றவர்கள் கடை வாசல்களில் நின்று பார்த்தனர். “இன்னா நைனா, வண்டி இப்டி கீது?” என்று ஒருவர் கேட்டார். தந்தை நின்று, ஸ்டாண்டு போட்டு, துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு, ஏரிக்கரைக் குப்பத்துப் பூசையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அடுத்த கடையிலும் நின்றார். மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களும் இட்டிலிக்காக வீட்டில் நெடுநேரம் காத்திருந்தோம்.