பாலக்கரையில் உறைந்த பஸ்

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குத் தினமும் மாலையில் ஒரு பஸ் கிளம்பும். அதற்கு டயர் கிடையாது, டீசல் கிடையாது, பெர்மிட்டும் கிடையாது. அழகேசன் வீட்டு உள்ளறையில், கம்ப்யூட்டர் திரைக்குள் அது ஓடும்.

அழகேசன் பாதி ஆயுளை அதே தடத்தில் தனியார் பஸ் ஓட்டிக் கழித்தவர். அவர் ஹார்ன் அடித்தால் ஜெயங்கொண்டத்தில் படுத்திருக்கும் மாடு எழுந்து ஓரமாக நிற்கும் என்பார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு மாடு எழுந்தது. பிறகு சர்க்கரை வந்து இடது கண் மங்கியது; லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. மனைவி ஜானகி, பேரன் நடக்கிற வரைக்கும் என்று சொல்லித் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போனார். பேரன் இப்போது கேரியரில் ஆள் வைத்து சைக்கிள் மிதிக்கிறான். ஜானகி இன்னும் திரும்பவில்லை.

மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து கம்ப்யூட்டரை வாங்கினார். விளையாட்டுக்கென்று விற்கும் ஸ்டியரிங்கும் பெடலும் மாட்டினார். பஸ் ஓட்டும் விளையாட்டு அது. ரோட்டையும் நாமே போட்டுக்கொள்ளலாம். அரியலூரிலிருந்து பேரளி டோல்கேட் வழியாகப் பெரம்பலூர் பாலக்கரை ரவுண்டானா வரை அவரே போட்டார். நிஜ ரோட்டில் எப்போதோ அடைத்துவிட்ட பள்ளங்கள்கூட அவருடைய ரோட்டில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பூக்காரி, பள்ளிப் பிள்ளைகள், மூட்டையோடு நிற்கிறவர்கள் என்று ஒரு தேர்க்கூட்டத்தையே நிறுத்தி வைத்தார்.

அத்தனை பேரில் நிஜ ஆள் ஒருவர்தான். அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் சாமிதுரை. இப்போது ஓசூரில் மகனுடைய பிளாட்டில் இருக்கிறார். மாலையானால் லேப்டாப்பைத் திறந்து, இன்டர்நெட் வழியாக பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். காதில் ஹெட்போன், வாயில் ஊர்க்கதை. அழகேசனுக்கு ஒரு நாளில் கிடைக்கும் பேச்சே அவ்வளவுதான்.

அதற்கும் கேடு வந்தது. ரவுண்டானாவில் திரும்பி பஸ் ஸ்டாண்டு கண்ணில் பட்டதும் திரை விக்கும். அப்படியே உறையும். லைன் அறுந்து சாமிதுரை வெளியே விழுவார்; உடனே போனில் வருவார்.

"என்ன டிரைவரே, மறுபடியும் நடுரோட்ல எறக்கி வுட்டுட்டீங்க?"

"ஏறுய்யா, வந்துடுச்சு."

"பாதி வழில எறக்கி வுடுற வண்டில எவன் ஏறுவான்? மருமவ சாப்புடக் கூப்புடுது. இது சரியானாச் சொல்லுங்கண்ணே, வரேன். அதுவரைக்கும் வேணாம்."

அதன்பின் அவர் வரவில்லை. பின் சீட்டு காலியாகவே பேரளியைத் தாண்டியது.

அழகேசன் அரியலூர் பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்விக்குப் போன் செய்தார். அவள் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள்.

"கூட்டத்தக் கொறைங்க சித்தப்பா. அத்தன ஆளயும் நடக்க வைக்க ஒங்க பிராசசரால முடியல. பாதிப் பேர எடுத்துட்டா சும்மா வழுக்கிட்டுப் போவும்."

"காலியாக் கெடக்கற பஸ் ஸ்டாண்டப் பாக்கறதுக்கு எனக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு? வூடே போதும்."

அப்படியானால் பிராசசரை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓடவைக்கலாம் என்றும், கம்ப்யூட்டர் விழிக்கும்போது வரும் பயாஸ் பக்கத்தில் அதற்கான எண்கள் இருக்கும் என்றும் சொன்னாள். "ஆனா ஒங்க மதர்போர்டு மட்டமான போர்டு. பாத்து, பதமா ஏத்துங்க" என்றாள்.

பதம் என்ற சொல் பஸ் டிரைவர் காதில் ஏறாது. 3.4 கிகாஹெர்ட்ஸில் இருந்த வேகத்தை ஒரே மிதியில் 4.1-க்குக் கொண்டுபோனார். பாலக்கரை வரும் முன்பே, பேரளியிலேயே உறைந்தது. இப்படி உறைந்தால் வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை என்று இன்டர்நெட் வீடியோவில் ஒருவர் சொன்னார். வோல்டேஜை ஏற்றினார். 1.35-க்கு மேல் எண் ஏற மறுத்தது. போர்டு போட்ட எல்லை அது. சரி, அதையாவது கொடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பஸ் ஓடும்போது அளந்து காட்டும் புரோகிராமில் 1.26 என்று நின்றது. கூட்டம் தெரிந்த மாத்திரத்தில் வேகமும் தானாகச் சரிந்து, கிளம்பிய இடத்துக்கும் கீழே போய்விட்டது.

மறுபடி போன்.

"ஏத்த ஏத்த எறங்குது பாப்பா. மோட்டாருக்கு மும்முனை கரண்டு வர்ற நேரத்துல வூட்டுல லைட்டே மங்குது. அதான் லோ வோல்டேஜோ?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சித்தப்பா. பிராசசருக்குப் போற வோல்டேஜ போர்டே உள்ள தயார் பண்ணிக்குடுக்குது. பொட்டியத் தூக்கிட்டு வாங்க."

தூக்கிக்கொண்டு போனார். மேசையில் வைத்ததும் வெற்றிச்செல்வி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன இது?"

கம்ப்யூட்டர் பெட்டி காக்கிச் சட்டை போட்டிருந்தது. மேல் பட்டன் முதல் கீழ் பட்டன் வரை ஒழுங்காகப் பூட்டியிருந்தது. பையில் பேனா ஒன்றுதான் பாக்கி.

அழகேசன் வீடு சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரிகள் போகும் ரோட்டில் இருக்கிறது. அந்தத் தெருவில் காலையில் கருப்பாக வெளியே போகும் பூனை மதியம் வெள்ளையாக வீடு திரும்பும். வீட்டுக்காரர்கள் வேற்றுப் பூனை என்று விரட்டுவார்கள். அங்கே டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, தண்ணீர்க் குடத்துக்குத் துணி. எதையும் மூடாமல் வைக்கும் பழக்கமே கிடையாது. அவரிடம் மடித்து வைத்த சட்டைகள் நிறைய இருந்தன.

"தூசிம்மா."

"தூசி போவல. காத்தும் போவல. பங்குனி வெயில்ல கம்பளி போத்தி வுட்டுட்டு ஓடு ஓடுன்னா எப்புடி ஓடும்?"

சட்டையைக் கழற்றி, பெட்டியைத் திறந்து காட்டினாள். பிராசசருக்குப் பக்கத்தில் கருப்புச் சில்லுகள் வரிசையாக இருந்தன. பிராசசருக்கு வேண்டிய வோல்டேஜை உண்டாக்கிக் கொடுப்பவை அவைதான். விலை கூடிய போர்டில் அவற்றின் மேல் சூட்டை இழுக்க அலுமினியத் தகடு இருக்கும். இதில் மொட்டையாக இருந்தன. வோல்டேஜை ஏற்ற ஏற்ற அவை கொதித்தன. கொதித்ததும் கருகாமல் தப்பிக்க போர்டே வேகத்தைப் பிடித்து இழுத்துவிட்டது.

"அப்ப இது மேட்டுல திணறற லோடு வண்டி. ஆக்ஸிலேட்டர மிதிச்சா ஏறாது, கியரக் கொறைக்கணும்" என்றார் அழகேசன்.

"அதத்தான் பதமான்னு சொன்னேன்."

ஒட்டும் தகடுகளை அவளே ஒட்டி, அவற்றைப் பார்த்து ஊதும்படி சின்ன மின்விசிறி ஒன்றை மாட்டினாள். எல்லையில் முட்டி நின்ற வோல்டேஜைக் கீழே இறக்கினார்கள். வேகத்தை 3.9-க்குக் குறைத்து, ஓடவிட்டு, சூட்டைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறக்கி, உறைந்ததும் ஒரு படி மேலே. வோல்டேஜ் 1.25-இல் நின்றது. திரையிலும் அதே 1.25. சட்டையைக் கழற்றியதிலேயே பாதி நோய் போய்விட்டது என்றாள் வெற்றிச்செல்வி.

வீட்டுக்கு வந்ததும் அழகேசன் ஓசூருக்குச் சொன்னார். சாமிதுரை ஏறினார்.

பஸ் தண்ணீரில் விட்ட மீனாகப் போனது. "பேரளி, பேரளி, எறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று சாமிதுரை பழைய குரலில் கூவினார். ரவுண்டானா வந்தது. விக்கல் இல்லை. பூக்காரியும் பள்ளிப் பிள்ளைகளும் கையைக் காலை ஆட்டி நடந்தார்கள். பஸ் பெரம்பலூர் ஸ்டாண்டில் போய் நின்றது.

"வந்துட்டமே" என்றார் சாமிதுரை.

"வந்துட்டோம்."

"அவ்ளோதானாண்ணே?"

முன்பெல்லாம் உறைந்து, அறுந்து, திரும்ப ஏறி, அந்த இடைவெளியில்தான் சாமிதுரை முட்டிவலி, மருமகள் சமையல், லிப்டில் முகம் பார்க்காமல் நிற்கும் மனிதர்கள் எல்லாவற்றையும் சொல்வார். இன்று வண்டி எதற்கும் நேரம் தரவில்லை. இருவரும் ஓடும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார்கள்.

"அப்ப நான் எறங்கிக்கிறேண்ணே."

"எங்க எறங்குற? ஒனக்கு குரும்பலூருக்குல்ல போவணும்?"

"அங்க யாரு இருக்கா? வூட்ட வித்தாச்சு. இடிச்சும் போட்டிருப்பாங்க."

"வூடு ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"

சாமிதுரை யோசித்தார். "துறையூர் போறப்ப எடது கைப் பக்கம். ஓட்டு வூடு. வாசல்ல முருங்க. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

சாமிதுரை இறங்கினார். பின் சீட்டு காலியானது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டமும் நடந்துகொண்டே இருந்தது. ஒருவரும் அழகேசனைப் பார்க்கவில்லை.

அவர் ரோடு போடும் பக்கத்தைத் திறந்தார். பாலக்கரைக்கு மேற்கே அவருடைய உலகம் முடிந்து, பச்சையாக ஒன்றுமில்லாமல் கிடந்தது. அதில் ரோட்டை நீட்டினார். குரும்பலூர் என்று பலகை நட்டார். இடது கைப் பக்கம் ஓட்டு வீடு வைத்து, முருங்கை மரம் வைத்தார்.

கதவை வைக்கும்போது கை நின்றது. திறந்து வைப்பதா, சாத்தி வைப்பதா என்று சாமிதுரையிடம் கேட்கவில்லை. போனை எடுத்தார். மருமகள் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள். கீழே வைத்துவிட்டு, கதவில்லாத அந்த வீட்டுக்கு எதிரே பஸ்ஸை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.