நிமிராத முதுகு

சர்ச் பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்த, எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும்போதும் என் எட்டு வயது மகள் ஸ்டெல்லா குனிந்தே இருப்பாள். பக்தியில்லை என்று நினைத்துக் கிள்ளுவேன்.

"நிமிர முடியலம்மா."

"வெளையாட மட்டும் முடியுதாக்கும்?"

திருவிழாவுக்குக் கவுன் தைக்கையில், "முன்னளவைவிட முதுகளவு ரொம்பக் கூடுதேக்கா" என்றார் டெய்லரம்மா. அதன்பிறகுதான் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனோம்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "முதுகெலும்புக் கணுவெல்லாம் முன்பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே வருதும்மா. பின்பக்கம் மட்டும் வளருது. புள்ள வளர வளர கூனும் கூடலாம்" என்றார்.

"ஒட்டுனதைப் பிரிக்க முடியாதாய்யா?"

"முடியாதும்மா. பெல்ட் போட்டுப் பாப்போம். மீறினா ஆபரேஷன்."

பிள்ளை வளரட்டும் என்று ஜெபிக்கவே பயமாயிருக்கிறது. வளராதே என்று எந்தத் தாய் கேட்பாள்?

இப்போது முடியலை என்று அவள் சொன்னால் நம்பிவிடுகிறேன். நற்கருணை உயரும்போது அவள் முதுகில் கைவைத்து, அவளுக்கும் சேர்த்து நானே நிமிர்ந்து பார்க்கிறேன்.